மனை விற்பனைக் குழுவுக்குத் தொடர் பயிற்சி: எங்கிருந்து தொடங்குவது?

கூடுவாஞ்சேரிக்காரன் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் மனைப்பிரிவு போட்டு விற்கும் சிறிய நிறுவனம் எங்களுடையது. ஊரப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடமும் எழும்பிக்கொண்டிருக்கிறது. விற்பனைப் பிரிவில் பதினொரு பேர் இருக்கிறார்கள். அவர்களில் மூன்று பெண்கள் தொலைபேசி விசாரணைகளைக் கவனிக்கிறார்கள். பெரும்பாலோர் கல்லூரி முடித்து நேராக இந்த வேலைக்கு வந்தவர்கள்.

சித்திரையில் வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்து, ஓட்டலில் அரங்கு எடுத்து, இரண்டு நாள் வகுப்பு நடத்தினோம். கைதட்டல், உறுதிமொழி, குழுப் புகைப்படம் எல்லாம் இருந்தன. சில வாரங்கள் உற்சாகம் தெரிந்தது. ஆனி முடிவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. வாடிக்கையாளர் கேட்கும் கேள்விக்கு வாயில் வந்ததைச் சொல்கிறார்கள். "கிளாம்பாக்கம் மெட்ரோ அடுத்த ஆண்டே வந்துவிடும்", "பரந்தூர் விமான நிலையம் வந்தால் விலை இரண்டு மடங்காகிவிடும்" என்று பேசுவதை நானே காதால் கேட்டேன். முன்பணம் கொடுத்தவர்கள் பத்திரத்துக்கு முன்பே பின்வாங்குகிறார்கள். நன்றாகத் தேறிய இருவர் வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார்கள். போகிறவர்களுக்கு எதற்குப் பயிற்சி என்று என் பங்குதாரர் கேட்கிறார்.

ஆண்டு முழுவதும் தொடரும்படியாகப் பயிற்சி நடத்துபவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எதிலிருந்து தொடங்குவது? வெளியாளை வைப்பதா, நாமே நடத்துவதா?

தாம்பரம்_மேற்கு எழுதியது:

ஐயா, வணக்கம். நானும் சென்னையின் தென்புறத்தில்தான் பல ஆண்டுகளாக விற்பனைக் குழுக்களை நடத்தி வருகிறேன். உங்கள் பதிவைப் படித்ததும் விரிவாகவே எழுதத் தோன்றியது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே நடத்துங்கள். வெளியாள் பேச்சுத்திறன் கற்றுக்கொடுப்பார். உங்கள் மனையின் சர்வே எண் அவருக்குத் தெரியாது. உங்கள் பிள்ளைகள் வாயில் வந்ததைச் சொல்வதற்குக் காரணம் பேசத் தெரியாதது அன்று. சரியான பதில் அவர்களிடம் இல்லை. எதிரே குடும்பத்தோடு நிற்பவரிடம் தெரியாது என்று சொல்லவும் பயம். அந்த இடைவெளியில்தான் மெட்ரோவும் விமான நிலையமும் வந்து விழுகின்றன. ஆகவே பயிற்சியின் பெரும்பகுதி காகிதங்களைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் செவ்வாயன்று மனை பார்க்க வருகிறவர்கள் குறைவு, முன்பணம் கொடுப்பவர்கள் அதைவிடக் குறைவு. ஞாயிறு முழுக்க வெயிலில் நின்ற களைப்பும் அதற்குள் தீர்ந்திருக்கும். ஒன்றரை மணி நேரம் போதும். உங்கள் நிறுவனத்தின் உண்மையான கோப்பு ஒன்றை மேசையில் வையுங்கள். தாய்ப்பத்திரம், இடையில் கைமாறிய பத்திரங்கள், வில்லங்கச் சான்று, பட்டா, புலப்படம், மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அரசு அமைப்புகளான சிஎம்டிஏ அல்லது டிடிசிபியின் அனுமதி பெற்ற வரைபடம், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டப்படியான பதிவுச் சான்று எல்லாம் அதில் இருக்கட்டும். ஒவ்வொருவரும் ஒரு தாளை எடுத்து, இது என்ன, யார் கொடுத்தது, இது இல்லாவிட்டால் வாங்குபவருக்கு என்ன ஆகும் என்று மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதிப் பேர் விழிப்பார்கள். பட்டாவுக்கும் பத்திரத்துக்கும் வேறுபாடு சொல்லத் தெரியாமல் மனை விற்பவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர். ஆறேழு கோப்புகள் முடிவதற்குள் அதே பிள்ளைகள், "இந்தப் பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கிறதே, உட்பிரிவு முடிந்துவிட்டதா?" என்று உங்களையே கேட்பார்கள். அந்தக் கேள்வி வரும் நாள்தான் எனக்கு இந்தத் தொழிலிலேயே மிகவும் பிடித்த நாள்.

தொடர்ந்து நடத்த வேண்டியதன் காரணத்தை உங்கள் பங்குதாரருக்கு ஒரே எடுத்துக்காட்டில் சொல்லிவிடலாம். 2017-இல் பதிவுக் கட்டணம் 4 சதவீதமானது. 7 சதவீத முத்திரைத் தீர்வையோடு சேர்த்து 11 சதவீதம் என்று எல்லோரும் மனப்பாடம் செய்தார்கள். 2023 ஏப்ரலில், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை உயர்த்தி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதமாகக் குறைத்தார்கள், மொத்தம் 9 ஆனது. 2025 ஏப்ரலிலிருந்து, பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பதிந்தால் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. ஒருமுறை படித்ததோடு நின்றவர் இன்னும் 11 என்பார். செய்தித் தலைப்பை மட்டும் பார்த்தவர், 42 லட்ச ரூபாய் மனை வாங்க வந்தவரிடம், "அம்மா பெயரில் பதிந்தால் 1 சதவீதம் மிச்சம்" என்பார். இரண்டுமே தவறான பதில்கள். இரண்டாவது பதிலை நம்பி வந்தவர், பதிவு அலுவலகத்தில் கணக்கு மாறும்போது உங்கள் நிறுவனத்தைத்தான் சந்தேகிப்பார்.

அடுத்தது கைக்காசுக் கணக்கு. பின்வாங்குகிறார்கள் என்றீர்களே, என் அனுபவத்தில் பாதிப் பின்வாங்கல் இங்கேதான் பிறக்கிறது. 60 லட்ச ரூபாய் அடுக்குமாடி வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக்கடனில், ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கி அதிகபட்சம் 80 சதவீதம்தான் கொடுக்க முடியும். எனவே கடன் 48 லட்சம், கையிலிருந்து 12 லட்சம். கட்டுமானம் முடிவதற்குள் வாங்கினால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அது 3 லட்சம். பத்திரச் செலவு தனி. விலை 50 லட்சத்தைத் தொட்டுவிட்டதால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 சதவீதத்தை டிடிஎஸ் வரியாகப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டும் பொறுப்பு வாங்குபவருடையது. அது கூடுதல் செலவன்று, விலைக்குள் அடங்கியதுதான், ஆனால் யாரும் முன்கூட்டியே சொல்லாவிட்டால் கடைசி நேரத்தில் பெரிய குழப்பமாகிவிடும். உங்கள் பிள்ளைகளை இதைத் தாளில் எழுதிப் போடச் சொல்லுங்கள், கைப்பேசிக் கணிப்பான் வேண்டாம். பிறகு, ஆண்டுச் சம்பளம் இவ்வளவு, சேமிப்பு இவ்வளவு, ஏற்கெனவே கார் கடன் இருக்கிறது என்று கற்பனைக் குடும்பம் ஒன்றைக் கொடுத்து, இவர்களால் இந்த வீட்டை வாங்க முடியுமா என்று கேளுங்கள். சில குடும்பங்களுக்கு முடியாது என்பதுதான் சரியான விடை. அந்த விடையைச் சொன்னவரை எல்லோர் முன்னிலையிலும் பாராட்டுங்கள்.

மழைக்காலத்தை விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலை, மொத்தக் குழுவையும் மனைப்பிரிவுக்கு அழைத்துப் போங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் வடிகிறது, வடிந்து எந்த ஏரிக்குப் போகிறது என்று அவர்கள் தங்கள் கண்ணால் பார்க்க வேண்டும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. "அந்த ஆண்டு இங்கே தண்ணீர் வந்ததா?" என்று கேட்காத வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. அதற்கு "இங்கெல்லாம் வராது சார்" என்று சொல்கிறவனை யாரும் நம்புவதில்லை. "கிழக்குக் கடைசித் தெருவில் முழங்காலுக்குக் கீழே நின்றது, மறுநாள் வடிந்துவிட்டது, அதனால்தான் அங்கே தரையை உயர்த்தியிருக்கிறோம்" என்பவனை நம்புகிறார்கள்.

தொலைபேசிப் பெண்களுக்கு வேறு வகைப் பயிற்சி வேண்டும். வாரம் ஒரு பதிவான உரையாடலை, வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் மறைத்துவிட்டு, எல்லோரும் சேர்ந்து கேளுங்கள். யார் அதிகம் பேசினார்கள் என்று மட்டும் கவனியுங்கள். விசாரிக்க அழைத்தவர் வாயே திறக்கவில்லை என்றால் அந்த அழைப்பில் எதுவும் தெரியவரவில்லை என்று பொருள். "வீட்டில் கலந்து பேசிச் சொல்கிறேன்" என்ற பதிலுக்குப் பிறகு நம்மவர்கள் தள்ளுபடியை ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கே கேட்க வேண்டியது, வீட்டில் முடிவெடுப்பவர் யார், அவருக்கு முக்கியம் எது என்பதுதான். பெரும்பாலும் அது அம்மாவாகவோ மாமியாராகவோ இருக்கும். கிழக்குப் பார்த்த மனையா, தெருக்குத்து இருக்கிறதா, பக்கத்தில் கோயில் எவ்வளவு தூரம் என்பவை அவர் கேள்விகள். அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொல்ல வேண்டும். வாஸ்து கேட்பவரிடம் வாதாடுகிற பையனை ஒருமுறை பார்த்தேன். அறிவியல் பேசி வாதத்தில் வென்றான், மனை விற்கவில்லை.

இவ்வளவும் செய்தாலும், ஊக்கத்தொகையை முன்பணம் வாங்கிய அன்றே முழுதாகக் கொடுத்தால் பயிற்சி அவர்கள் மனதில் நிற்காது. முன்பணம் வரவழைக்க என்ன பேசினாலும் சரி என்று உங்கள் சம்பள முறையே அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறது. பெரும்பகுதியைப் பத்திரம் பதிந்த பிறகு கொடுங்கள்.

செங்கை_பத்திரம் எழுதியது:

தம்பி, அம்மையார் சொன்னதோடு என் பங்குக்குக் கொஞ்சம். நான் பத்திரம் எழுதுகிறவன். உங்கள் பிள்ளைகள் வெளியில் சொன்ன வார்த்தையின் விளைவுகள் கடைசியாக என் மேசைக்குத்தான் வருகின்றன.

அவர்களுக்கு 2016-ஆம் ஆண்டு ரெரா சட்டத்திலிருந்து நாலைந்து பிரிவுகளையாவது தமிழில் எழுதிக் கொடுங்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ உள்ள திட்டத்தைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது என்கிறது 3-ஆம் பிரிவு. பதிவு எண் வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் "முன்பதிவு ஆரம்பம்" என்று படம் அனுப்புகிறார்களே, அது இதில் வரும். விளம்பரத்திலோ விவரக் கையேட்டிலோ உள்ள பொய்யான தகவலை நம்பிப் பணம் கொடுத்து நட்டப்பட்டவருக்கு ஈடு செய்ய வேண்டும் என்கிறது 12-ஆம் பிரிவு. நீங்கள் சொன்ன மெட்ரோப் பேச்சை அச்சடித்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்பது 13-ஆம் பிரிவு. மாதக் கடைசியில் இலக்கை எட்டுவதற்காக இதை மீறுகிறவர்கள் உண்டு. வெளி முகவர்களை வைத்து விற்கிறீர்கள் என்றால் 9-ஆம் பிரிவின்படி அவர்களும் பதிவு செய்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 2023-இல் முகவர்களுக்குப் பயிற்சியும் தேர்வும் கட்டாயம் என்றே ஆணை போட்டுவிட்டார்கள். தமிழ்நாட்டிலும் வர வேண்டும் என்பது என் ஆசை.

ஈசி எனப்படும் வில்லங்கச் சான்றைப் பற்றியும் ஒன்று சொல்லிக்கொடுங்கள். "ஈசி சுத்தமாக இருக்கிறது, பயமே இல்லை" என்று எல்லா விற்பனையாளர்களும் சொல்கிறார்கள். பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும். பதியாமல் நடந்த குடும்பப் பாகப்பிரிவினை வராது, பத்திரத்தில் பெயர் விட்டுப்போன வாரிசு வரமாட்டார். தன் சார்பில் விற்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குப் பவர் பத்திரமாக எழுதிக் கொடுத்தவர் இறந்துவிட்டாரா என்பதும் அதில் தெரியாது. இறந்திருந்தால் சாதாரணமாக அந்தப் பவர் செல்லாது. விற்பவரே இதைச் சொல்லி, "உங்கள் வக்கீலிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்" என்று சொல்லட்டும்.

மறுவிற்பனை மனைகளும் பார்க்கிறீர்கள் என்றால் 2016 அக்டோபர் 20 என்ற தேதி ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன்பு விற்ற அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தத்தான் 2017-இல் திட்டம் கொண்டுவந்தார்கள். எத்தனையோ விசாரணைகள் இந்த ஒரு தேதியில் முடிந்துவிடும்.

நீலா_டெலிகாலிங் எழுதியது:

நான் விற்பனை நிறுவனம் ஒன்றில் தொலைபேசி விசாரணைப் பிரிவில் இருக்கிறேன். பயிற்சி கொடுக்கப்படுகிறவர்கள் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

தாம்பரம் அக்கா ஒன்றரை மணி நேரம் என்றதை எல்லோரும் கவனியுங்கள். நான் முன்பு இருந்த இடத்தில் வேலை முடிந்து இரவு ஏழரைக்குப் பயிற்சி ஆரம்பிப்பார்கள். கடைசி மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டிய பெண்கள் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அலுவலக நேரத்துக்குள் வையுங்கள், அந்த ஒன்றரை மணி நேரத்துக்கு அழைப்பு இலக்கைக் குறைத்துக்கொள்ளுங்கள். இலக்கு அப்படியே இருந்தால் பயிற்சி எங்களுக்குத் தண்டனை.

பதிவான உரையாடலை எல்லோர் முன்னாலும் போடும்போது முதலில் மேலாளருடைய அழைப்பைப் போடுங்கள். எங்கள் இப்போதைய மேலாளர் அப்படித்தான் செய்தார். அவர் ஒரு வாடிக்கையாளரின் பேச்சில் எங்கே குறுக்கிட்டார் என்று எங்களையே கண்டுபிடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் அழைப்புகளைப் போட்டபோது யாருக்கும் கூச்சம் இல்லை.

இன்னொன்று, வேண்டாம் என்று சொன்ன எண்ணுக்குத் திரும்ப அழைக்கச் சொல்லாதீர்கள். திட்டு வாங்குவது நாங்கள்தான். திட்டு வாங்கிய அடுத்த நிமிடம், உண்மையாகவே வீடு தேடுகிற ஒருவரிடம் நல்ல குரலில் பேச முடிவதில்லை.

கூடுவாஞ்சேரிக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஊக்கத்தொகை விஷயம் எனக்குச் சுருக்கென்று தைத்தது, பங்குதாரரோடு இன்றே பேசுகிறேன். தாம்பரம் அம்மாவிடம் இரண்டு கேள்விகள். பயிற்சி பலன் கொடுக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? பங்குதாரரின் கேள்வி அப்படியே நிற்கிறதே, கற்றுக்கொண்டு போய்விடுகிறவர்களை என்ன செய்வது?

தாம்பரம்_மேற்கு எழுதியது:

நீலா சொன்ன மேலாளர் முறையை எங்கள் குழுவிலும் தொடங்கப் போகிறேன், நன்றி தங்கையே. பத்திரம் ஐயா சொன்ன பவர் செய்தி அடுத்த செவ்வாய்க்கு.

பலனை விற்பனை எண்ணிக்கையில் உடனே தேடாதீர்கள். ஆடியில் யாரும் பத்திரம் பதிய மாட்டார்கள், ஆவணியில் முகூர்த்த நாளன்று பதிவு அலுவலகத்தில் டோக்கன் கிடைக்காது. அந்த ஏற்ற இறக்கத்தில் பயிற்சியின் பங்கைப் பிரித்தறிய முடியாது. முன்பணம் கொடுத்தவர்களில் எத்தனை பேர் பத்திரம் வரை வந்தார்கள் என்று பாருங்கள். முன்பணத்துக்கும் பத்திரத்துக்கும் இடையிலான நாட்கள் குறைகின்றனவா என்று பாருங்கள். ஏற்கெனவே வாங்கியவர் தன் தம்பியையோ அலுவலக நண்பரையோ அழைத்து வருகிறாரா என்பதை எழுதி வையுங்கள். நான் இன்னொன்றும் வைத்திருக்கிறேன். அலுவலகத்தில் ஒரு நோட்டு இருக்கிறது. வாடிக்கையாளர் கேட்டு, "விசாரித்து மாலைக்குள் சொல்கிறேன்" என்று பதில் சொன்ன ஒவ்வொரு கேள்வியும் அதில் ஏறும். எதிரே பதிலும், சொன்ன நேரமும். புதிதாகச் சேர்பவருக்கு முதலில் அந்த நோட்டைத்தான் படிக்கக் கொடுக்கிறேன். செவ்வாய் வகுப்புக்குப் பாடத்திட்டமும் அதிலிருந்தே வருகிறது. ஒரே கேள்வி மூன்று பேரிடம் வந்திருந்தால் அந்த வாரம் அதுதான் பாடம். நோட்டில் கேள்விகளே ஏறவில்லை என்றால் கவலைப்படுங்கள், மறுபடி வாயில் வந்ததைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

போகிறவர்களைப் பற்றி: போகத்தான் செய்வார்கள், இந்தத் தொழிலில் ஆள் மாறுவது இயல்பு. ஆனால் ஏன் போனார்கள் என்று அந்த இருவரையும் அழைத்துக் கேளுங்கள். நான் கேட்டவரையில், பயிற்சியால் திறமை கூடிப் போனவர்கள் சிலரே. வரவேண்டிய ஊக்கத்தொகை மாதக்கணக்கில் இழுத்ததால் போனவர்கள்தான் மிகுதி. நான் மேலே சொன்னபடி பத்திரத்துக்குப் பிறகு கொடுக்கும் முறைக்கு மாறினீர்கள் என்றால், பத்திரம் பதிந்த வாரமே பணம் அவர்கள் கணக்கில் ஏறிவிட வேண்டும். அதில் தாமதித்தால், முறையை மாற்றியதே பணத்தைப் பிடித்துவைக்கத்தான் என்று நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் நியாயமும் இருக்கிறது. தேறியவர்களுக்கு வகுப்பு எடுக்கும் பொறுப்பையும் கொடுங்கள், அதற்கு ஒரு தொகையும் கொடுங்கள். என்னிடம் நான்கு ஆண்டுகளுக்கு மேல் நிற்பவர்கள் எல்லோரும் செவ்வாயன்று பாடம் நடத்துகிறவர்கள்தான்.

வரும் செவ்வாய்க்கு ஊரப்பாக்கம் கட்டடத்தின் கோப்பையே எடுங்கள். மனையைவிட அதில் கேள்விகள் அதிகம். ஒரு வீட்டின் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு, விற்பனைப் பரப்பு எவ்வளவு, நிலத்தில் அந்த வீட்டுக்கு உரிய பிரிபடாத பங்கு எத்தனை சதுர அடி என்று மூன்றையும் ஒவ்வொருவரும் தனித்தனியாக எழுதட்டும். ரெராவில் கார்ப்பெட் ஏரியா என்றால் வெளிச்சுவர், பால்கனி நீங்கலாக, உள்சுவர்கள் சேர்ந்த பரப்பு. பதினொரு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், எண்கள் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கிருந்தே தொடங்கலாம். எப்படிப் போனது என்று இங்கே எழுதுங்கள்.